பொறுப்பு இயக்குநர் என்றால் நாற்காலிக்குக் காவலா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளையைத் தொடங்கி 19 வருடம் நடத்திய அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, அடுத்த மாதத்தோடு இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகுகிறார். 40 ஊழியர்கள், மூன்று ஒன்றியங்களில் வேலை, வெளிநாட்டு நன்கொடையும் வருகிறது. உடனே ஒரு ஆளைப் போட்டுவிடலாம் என்கிறார்கள் மற்ற அறங்காவலர்கள். ஆறு மாதத்துக்குப் பொறுப்பு இயக்குநர் ஒருவரை வைத்துப் பார்க்கலாம் என்கிறேன் நான். வீண் வேலையா?
– அறங்காவலர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: என் ஓட்டு உங்களுக்குத்தான். ஆனால் 'வைத்துப் பார்க்கலாம்' என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. நம் ஊரில் பெயர்ப்பலகையில் 'தலைமையாசிரியர் (பொறுப்பு)' என்று எழுதிவிட்டால் போதும், வரப்போகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சிக்கலான கோப்புகளையெல்லாம் ஓரம் கட்டிவிடுவார், மற்றவர்களும் அவரைப் பாதி அதிகாரியாகத்தான் மதிப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது, அடுத்தவரை நியமிப்பதில் ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி, இரண்டு வருடம் தாண்டியும் ஒருங்கிணைப்புக் குழுதான் நடத்திக்கொண்டிருந்தது. அதனால் உங்கள் தீர்மானத்தில் முடிவுத் தேதியைப் போடுங்கள். அப்புறம் அதிகாரத்தையும் எழுதுங்கள்: எத்தனை ரூபாய் வரை அவரே செலவு செய்யலாம், ஆள் சேர்க்கலாமா, நீக்கலாமா, நன்கொடையாளர்களிடம் யார் பேசுவது.

வீணா என்று கேட்டீர்கள். ஒருவரே 19 வருடம் நடத்திய இடத்தில் என்னென்ன விஷயம் அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. நான் ஒரு அமைப்பில் ஏழு மாதம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாரம் வருமான வரித் தளத்தில் நுழையப் போனால் ஓடிபி நிறுவனரின் பழைய எண்ணுக்குப் போகிறது, அந்த எண்ணை அவர் பேரன் வைத்திருக்கிறான், அவன் கல்லூரியில் வகுப்பில் இருக்கிறான்! காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று விலகிப்போனவருடையது, மற்றவர் மகள் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போயிருந்தார். அந்த மாதச் சம்பளம் 11 நாள் தள்ளிப்போனது. இதையெல்லாம் தோண்டி எடுத்துச் சரிசெய்வது புதிதாக வருகிற நிரந்தர இயக்குநரின் தலையில் விழுந்தால், அவர் முதல் வருடம் முழுக்க 'அக்கா இருந்தவரை இப்படி இல்லையே' என்ற பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். பொறுப்பில் இருக்கிறவர் எப்படியும் போகப்போகிறவர். கெட்ட பெயரை அவர் வாங்கிக்கொண்டு போகலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அக்காவின் பெயர் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில் முக்கிய நிர்வாகியாக இருந்தால், அந்த மாற்றத்தை 45 நாளுக்குள் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு நிதிக்கான ஆண்டுக் கணக்குக்கும் டிசம்பர் 31 கெடு, இடைக்காலம் என்று யாரும் சலுகை தரமாட்டார்கள். அறக்கட்டளைப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அக்காவை ஆயுள்கால நிர்வாக அறங்காவலர் என்று அதில் எழுதியிருந்தால், இயக்குநர் வேலையை விட்டாலும் அந்தப் பதவி அவரிடமே இருக்கும். அதைத் தனியாகப் பேசி முடிக்க வேண்டும், வக்கீலோடு.

கேள்வி: திட்ட மேலாளராக இருக்கிறேன். 'கொஞ்ச நாள் நீங்களே பார்த்துக்கோங்க மேடம்' என்கிறது நிர்வாகக் குழு. நிரந்தரப் பதவிக்கும் விண்ணப்பிக்க ஆசை இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, மதுரை

பதில்: நடக்காத விஷயம் இல்லை. விக்கிப்பீடியாவுக்குப் பின்னால் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளையில், 2016ல் ஊழியர்களின் அதிருப்திக்கு நடுவே செயல் இயக்குநர் லீலா ட்ரெட்டிகோவ் விலகினார். தகவல்தொடர்புத் துறையைக் கவனித்துவந்த கேத்தரின் மார் மார்ச்சில் இடைக்காலச் செயல் இயக்குநரானார், ஜூனிலேயே நிரந்தரமாகவும் ஆக்கிவிட்டார்கள்.

ஆனாலும் எனக்குத் தயக்கம் உண்டு. வேட்பாளர் ஒருவர் பொறுப்பில் உட்கார்ந்தால் அவர் செய்வதெல்லாம் பிரச்சாரமாகத் தெரியும். பயணப்படியில் கை வைத்தால் 'நிர்வாகக் குழுவிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்', வைக்காவிட்டால் 'ஊழியர்களைக் கையில் போட்டுக்கொள்கிறார்'. வெளியிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களும் ஆள் முடிவாகிவிட்டது என்று ஒதுங்கிவிடுவார்கள். அதனால் உங்களுக்கு அந்தப் பதவி உண்மையாகவே வேண்டுமென்றால், இடைக்காலத்துக்கு வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள். இந்தத் துறையில் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள், நிரந்தரப் பதவி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத் தயாராகவும் இருப்பார்கள்.

வேறு வழியில்லை, நீங்கள்தான் என்றால், ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டு வாங்க வேண்டியது சில உண்டு: விண்ணப்பிக்கலாம் என்று எழுத்தில் ஒரு வரி, கிடைக்காவிட்டால் பழைய வேலை திரும்ப உண்டு என்று இன்னொரு வரி, இந்த மாதங்களுக்குக் கூடுதல் சம்பளம், உங்கள் பழைய மேசை வேலையை யார் பார்ப்பது என்பதற்கு ஒரு பெயர். 'கொஞ்ச நாள்' என்றால் எத்தனை நாள் என்றும் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

கேள்வி: விலகிய நிறுவனர் தினமும் பத்து மணிக்கு வந்து தன் பழைய அறையிலேயே உட்காருகிறார். காபி குடிக்கத்தான் வந்தேன் என்கிறார். ஊழியர்கள் விடுப்புக் கடிதத்தைக்கூட அவரிடம் கொண்டுபோகிறார்கள். பொறுப்பு இயக்குநரான நான் எங்கே உட்கார?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: அந்த அறையில். ஆனால் அவரை எழுந்திருக்கச் சொல்வது உங்கள் வேலை இல்லை, குழுத் தலைவரின் வேலை, அவர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நன்கொடையாளர்கள் யார் யார், யார் எதற்காகக் கொடுத்தார்கள், யாரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதெல்லாம் பெரியவருக்குத்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் வந்து அவர் சொல்லட்டும், ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். காபி அன்றைக்குக் கட்டாயம் உண்டு.