அவ்வப்போது இழுவை இழக்கும் பழைய டீசல் கார்: டர்போ பற்றிய கேள்விகளும் பதில்களும்

மண்டபம் முதல் சாயல்குடி வரை உள்ள நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகளைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இராமநாதபுரத்தில் நெடுங்காலமாக டீசல் எஞ்சின் வேலை பார்த்துவருபவன் என்ற முறையில், கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையே எழுதுகிறேன். டர்போ என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி.

உச்சிப்புளியிலிருந்து ஒருவர்: ஐயா, என் வண்டிக்குப் பதினொரு வயது. மாறும் இதழ்கள் கொண்ட டர்போ. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் லாரியை முந்தும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இழுவை போய்விடுகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் உடனே சரியாகிவிடுகிறது. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். சாவியை அணைத்துப் போட்டவுடன் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நோயைக் கண்டறிய அந்த ஒரு வரி பெரிதும் உதவுகிறது. உடைந்த பொருள் சாவியை அணைத்துப் போட்டதால் ஒட்டிக்கொள்ளாது. எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக வண்டியின் கணினிதான் வேண்டுமென்றே டீசலைக் குறைத்து இழுவையை அடக்குகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொள்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் லிம்ப் மோட் என்கிறார்கள். ஆகவே கணினி எதைக் கண்டு அஞ்சியது என்பதையே நாம் முதலில் தேட வேண்டும்.

அதற்குக் கணினியில் பதிவான குறியீட்டைப் படிக்க வேண்டும். பி0299 என்று வந்தால் காற்றழுத்தம் தேவையைவிடக் குறைந்துவிட்டது என்றும், பி0234 என்று வந்தால் மிகுந்துவிட்டது என்றும் பொருள். இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமல் முதல் வேலையாக அழித்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் அடுத்த முறை பழுது வரும்வரை நாம் இருட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

உங்களுடையது போன்ற டர்போவில், புகை வந்து மோதும் சக்கரத்தைச் சுற்றிச் சிறு இதழ்கள் இருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அவை நெருங்கி வழியைக் குறுக்குவதால் புகையின் வேகம் கூடுகிறது. எஞ்சின் வேகமெடுக்கும்போது அவை விரிந்து வழிவிடுகின்றன. நம் பகுதிச் சாலைகள் சமதளமானவை. பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் எஞ்சின் மூச்சுப் பிடிக்க வேண்டிய ஏற்றம் அதிகமில்லை என்பதால், பலரும் ஆண்டுக்கணக்காகக் குறைந்த சுற்றிலேயே ஓட்டுகிறார்கள். அந்த இதழ்கள் முழு அளவுக்கு அசைய வாய்ப்பில்லாமல் கரி படிந்து ஒட்டிக்கொள்கின்றன. முந்துவதற்காகத் திடீரென்று மிதிக்கும்போது அவை விரியாமல் நெருங்கிய நிலையிலேயே நின்றால் அழுத்தம் எல்லை மீறும். கணினி உடனே அடக்கிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதற்கு மிகவும் பொருந்துகின்றன.

ஆனாலும் பொருந்துகிறது என்பதாலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. கையால் இயக்கும் வேக்கம் (காற்றை உறிஞ்சும்) பம்ப்பை, இதழ்களை ஒரு தண்டால் அசைக்கும் ஆக்சுவேட்டரின் சிறு குழாயில் பொருத்தி மெல்ல இழுத்துப் பாருங்கள். தண்டு தடையின்றி ஒரே சீராக உள்ளே போக வேண்டும், விட்டவுடன் முழுமையாகத் திரும்ப வேண்டும், இழுத்துப் பிடித்த வேக்கம் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். தண்டு நடுவில் தடுக்கி நின்றால் இதழ்களில் கரி என்று கொள்ளலாம். டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். தண்டு நன்றாக அசைந்தும் வேக்கம் நிற்கவில்லை என்றால் ஆக்சுவேட்டரின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. இரண்டும் சரி என்றால், ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலினாய்டையும் அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் ஓஸ்களையும் பாருங்கள். இதே தொல்லைக்காகப் புது டர்போ போட்டும் குணமாகாமல் என்னிடம் வந்த ஒரு வண்டியில், பேட்டரித் தட்டின் ஓரத்தில் உரசி உரசி ஓட்டை விழுந்த ஒரு சாண் ஓஸ்தான் காரணமாக இருந்தது. அந்தக் குடும்பம் செலவழித்த தொகையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மண்டபத்திலிருந்து, மீன் ஏற்றும் வண்டி வைத்திருப்பவர்: அண்ணே, விடியற்காலையில் நன்றாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இழுவை குறைந்து, ஏறக்குறைய நின்றுவிடும் நிலைக்கு வருகிறது. விளக்கு எதுவும் எரியவில்லை, புகையும் இல்லை. பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறது.

பதில்: தம்பி, இதற்கும் முதல் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே சாவியை அணைத்தவுடன் குணமாகிறது. இங்கே காத்திருந்தால்தான் குணமாகிறது. காற்றுக் குறைந்து டீசல் மிகுந்தால் கரும்புகை வரும். புகையே இல்லாமல் இழுவை போகிறது என்றால் பெரும்பாலும் டீசலே போய்ச் சேரவில்லை என்று கொள்ள வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் அழுக்கோ துணி நூலோ உறிஞ்சும் குழாயின் வாயில் மெல்ல மெல்ல வந்து அடைகிறது. எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, அது விலகி அடியில் படிகிறது. அதனால்தான் அந்தப் பத்து நிமிடக் கணக்கு.

கேனில் சேமித்து வைத்த டீசலை ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். கடலோர ஈரக் காற்றில் பாதி காலியான கேனின் உட்புறம் இரவில் வியர்த்து, அந்த நீர் அடியில் தங்கிவிடும். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். நீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். பிறகு தொட்டியை இறக்கிக் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். பொது அழுத்தக் குழாய் (காமன் ரெயில்) வகை எஞ்சினாக இருந்தால் நீர் கலந்த டீசல் உயரழுத்த பம்ப்பையும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் அரித்துவிடும், அந்தச் செலவை ஒரு மாத வருமானத்தால்கூட ஈடுகட்ட முடியாது.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: காக்கா, வேகமாக மிதித்தால் சீறும் சத்தத்துடன் கரும்புகை வருகிறது. இன்டர்கூலர் ஓஸ் இரண்டையும் மாற்றிவிட்டேன். அப்படியும் சில நாட்கள் நன்றாக ஓடுகிறது, சில நாட்கள் இல்லை.

பதில்: அழுத்தப்பட்ட காற்று வழியில் கசிகிறது என்று நீங்கள் சரியாகவே கணித்திருக்கிறீர்கள். ஆனால் ஓஸோடு தேடலை நிறுத்திவிட்டீர்கள். டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வண்டியின் முன்புறத்தில் உப்புக்காற்றை நேரடியாக வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதன் அலுமினியப் பகுதியும் ஓரத்துப் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பு அரித்துப்போவதை நம் கரையில் அடிக்கடி பார்க்கிறேன். நிற்கும்போது மூடியிருக்கும் அந்த வெடிப்பு அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். சில நாட்கள் மட்டும் தொல்லை தருவதன் காரணம் அதுவே.

காற்று ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயை அடைப்பானால் மூடி, அதன் வழியே அளவுமானி வைத்துக் காற்றுச் செலுத்தி, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். அழுத்தம் ஒரு பார் அளவைத் தாண்டக் கூடாது. குமிழி வரும் இடமே கசியும் இடம். காற்றோடு எண்ணெய்ப் படலமும் சிறிது வெளியேறுவதால், கசியும் இடத்தில் தூசு ஒட்டிக் கறுத்திருக்கும். டார்ச் வைத்துப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும். குழாய்களின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருப்பதைக் கண்டு டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய டீசலில் அது இயல்பானது.

தொண்டியிலிருந்து ஒருவர்: ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் இழுவை கூடுமா?

பதில்: புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் அந்த வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் புகை அளவுக்கு மீறி உள்ளே போய் இழுவை குறையும் என்பது உண்மை. அதற்கு மருந்து கழற்றிக் கரியைச் சுத்தம் செய்வதுதான். அடைப்பது புகை மாசு விதிகளுக்கு முரணானது. பல வண்டிகளில் காற்றோட்டக் கணக்குப் பிசகி புதிய குறியீடு ஒன்று சேர்ந்து, உண்மையான பழுதையும் மறைத்துவிடும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: என்னுடையது 1248 சிசி, 75 குதிரைத்திறன் ஸ்விஃப்ட். டர்போவின் இதழ்களைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு தொகை கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். அந்த எஞ்சினின் 75 குதிரைத்திறன் வடிவில் இருப்பது நிலையான டர்போ. அதில் மாறும் இதழ்களே கிடையாது. 90 குதிரைத்திறன் வடிவில்தான் அவை உண்டு. உங்கள் வண்டியில் மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் வேஸ்ட்கேட்டின் தண்டு துருப்பிடித்து இறுகாமல் அசைகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர்வாடியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, பட்டறைக்குப் போகும்போதெல்லாம் வண்டி நன்றாக இருக்கிறது. பழுது வரும் நேரத்தில் மெக்கானிக் அருகில் இருப்பதில்லை. நானே எதையாவது பதிவு செய்து காட்ட முடியுமா?

பதில்: முடியும் அம்மா, எல்லா வாடிக்கையாளர்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் விருப்பம். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள இணைப்பில் செருகும் சிறிய புளூடூத் ரீடரை வாங்கி, கைப்பேசிச் செயலியில், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தமான மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், கடல் மட்டத்தில் வாழும் நமக்கு அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அங்கேயே வெகுவாகத் தவறினால் சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிறகு ஆளில்லாத நேரான சாலையில், மூன்றாவது கியரில், 1500 சுற்றிலிருந்து 3500 வரை முழுமையாக மிதித்து ஓட்டுங்கள். கைப்பேசியை உடன் வருபவர் வைத்திருக்கட்டும், ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்க வேண்டும். பாலத்தின் மீது இந்தச் சோதனை கூடவே கூடாது. கணினி கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் உங்கள் வண்டி தந்தால் இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். பழுது வந்த நாளன்று வெயிலா மழையா, டீசல் எவ்வளவு இருந்தது, எத்தனை பேர் ஏறியிருந்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்துவைத்தால், பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இராமேஸ்வரத்திலிருந்து, வாடகைக் கார் ஓட்டுபவர்: நாள்தோறும் தனுஷ்கோடி போய்வருகிறேன். உப்பும் மணலும் டர்போவைக் கெடுக்குமா?

பதில்: மணல் நேராகக் கெடுக்கும். டர்போ சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. ஃபில்டரின் ஓரத்தில் சரியாக அமராத இடைவெளி வழியே நுழையும் மணல் அதன் இறகுகளைத் தேய்த்துவிடும். கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே ஃபில்டரை மாற்றுங்கள். உப்பு சுற்றி வளைத்துக் கெடுக்கும்: சென்சார் இணைப்புகளின் ஊசிகளில் பச்சை பூத்து, வண்டி குலுங்கும்போது மட்டும் தொடர்பு அறுந்துபோகும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை இணைப்புகளைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் தெளித்து உலரவிட்டு மாட்டுங்கள். உப்பைப் போக்குவதாக எண்ணி எஞ்சின் மீது வேகமான நீர்ப்பீச்சைச் செலுத்த வேண்டாம்.

சாயல்குடியிலிருந்து ஒருவர்: அப்படியானால் டர்போ உண்மையிலேயே போய்விட்டது என்று எப்போது ஒப்புக்கொள்வது?

பதில்: காற்றுக் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறகு சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, நீலப்புகையுடன் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தாலோ ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் பொருத்தாதீர்கள். எண்ணெய் வரும் மெல்லிய குழாயில் கரி அடைத்திருந்தால் புதியதும் சில நாட்களில் அதே வழியில் போகும். அந்தக் குழாயைப் புதிதாகப் போடுங்கள், இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயை வடியுங்கள், எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டர்போவின் எண்ணெய் வாயில் சிறிது எண்ணெய் ஊற்றி, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி டீசலை நிறுத்திவைத்துச் சில விநாடிகள் சுழற்றிய பிறகே முதல் முறையாக ஸ்டார்ட் செய்யுங்கள். அதன்பின் சில நிமிடங்கள் மிதிக்காமல் நிதானமாக ஓடவிடுங்கள்.