புகைப்படக் கலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு விசேஷங்களில் நான் எடுக்கும் படங்கள் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் வருகின்றன. என்னிடம் இருப்பது கேமராவோடு சேர்ந்து வந்த 18–55 மி.மீ. லென்ஸ். புதிய கேமரா வாங்கினால்தான் சரியாகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். வாங்கிவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒளி போதவில்லை. உங்கள் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துளை எஃப் 5.6 என்ற அளவுக்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). டியூப் லைட் மட்டும் எரிகிற கூடத்தில் அந்தத் துளை வழியே வரும் ஒளி குறைவு என்பதால், கேமரா, ஒளியை உள்ளே விடும் திரையான ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது, அல்லது ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவை உயர்த்துகிறது. முன்னதில் ஆள் சற்று அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். பின்னதில் நிழற்பகுதிகளில் புள்ளிகள் தெரியும்.

செலவில்லாத வழியை முதலில் முயன்று பாருங்கள். பகலில் நடக்கும் விசேஷமென்றால், படம் எடுக்க வேண்டியவர்களை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரச் சொல்லுங்கள்; ஜன்னல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். ஃபிளாஷை முகத்துக்கு நேராக அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. தனியாகப் பொருத்தும் ஃபிளாஷ் இருந்தால் அதை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். கூரையில் பட்டுப் பரவி இறங்கும் ஒளி, பட்டுப்புடவையின் சரிகையையும் வெளுக்காமல் காட்டும்.

அதன் பிறகும் போதவில்லை என்றால், கேமராவை விட்டுவிட்டு எஃப் 1.8 துளை உள்ள ஒரு லென்ஸை வாங்குங்கள். எஃப் 5.6-ஐவிட அதில் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். அதாவது ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்த அதே காட்சியை, ஷட்டர் வேகத்தை மாற்றாமலே 640-இல் எடுத்துவிடலாம். இந்த வகையில் பலரும் முதலில் வாங்குவது 50 மி.மீ. லென்ஸ். உங்களுடையது சிறிய சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள கேமராவாக இருந்தால், அந்த லென்ஸ், முழு அளவு (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கே காட்சியைக் குறுக்கிக் காட்டும். நம் வீட்டு அறைகளில் நாலு பேரை அடக்குவதற்குள் உங்கள் முதுகு சுவரில் முட்டிவிடும். 35 மி.மீ. லென்ஸே அங்கே வசதி. எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் லென்ஸையே ஒரு விசேஷம் முழுவதும் 35-இல் நிறுத்தி வைத்தும், இன்னொன்றில் 50-இல் நிறுத்தி வைத்தும் எடுத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எஃப் 1.8-இல் மிக அருகிலிருந்து எடுத்தால் மணமகளின் கண் துல்லியமாகவும் அருகில் சற்றுத் தள்ளி நிற்கும் மணமகனின் முகம் மங்கலாகவும் வரும். இருவர் நிற்கும் படத்துக்கு எஃப் 2.8 அல்லது 4-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்று எடுத்த படங்களில் விமானம் தட்டையாக வெளுத்துத் தெரிகிறது, பின்பக்கம் சாய்ந்தது போலவும் இருக்கிறது. என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், செய்யாறு

பதில்: நண்பகலில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உச்சி வெயில் மேலிருந்து நேராக இறங்குவதால் சிற்பங்களின் குடைவுகள் சரியான நிழல் பெறுவதில்லை. நிழல் இல்லாத கல்லில் ஆழம் தெரியாது. அந்தக் கோயில் கிழக்கு நோக்கியது. காலை வெயில் சாய்வாக விழும்போது முன்பக்கம் பொன்னிறமாகத் துலங்கும். மாலையில் அதே இடத்தில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும். அப்போது விமானத்தின் கரிய உருவத்தை வானத்தின் மீது எடுக்கலாமே தவிர, சிற்ப வேலைப்பாட்டை எடுக்க இயலாது. மாலையில் சென்றவர்கள் பிராகாரத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்துவிடுவது நல்லது.

சாய்வுக்குக் காரணம் கேமராவை அண்ணாந்து பிடித்ததுதான். அறுபது மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடத்தை அடியில் நின்று எடுத்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். பிராகாரம் விசாலமானது, இயன்ற அளவு பின்னால் சென்று, படம் நெட்டுவாக்கில் வரும்படி கேமராவைத் திருப்பி, லென்ஸ் மேலே அண்ணாராமல் நேர்மட்டமாகப் பிடித்து எடுங்கள். கீழே வரும் வெற்றுத் தரையைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தாலும் போகவில்லை.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அது பூஞ்சை. கண்ணாடிகளுக்கு உட்புறம் இருப்பதால் துடைத்துப் பயனில்லை. நீங்களே திறக்க முயலாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மற்ற லென்ஸ்களைத் தோல் பையில் பூட்டி வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் நாற்பது முதல் ஐம்பது சதவீதம் வரை இருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் நான் எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தேன். ஒரு கடைக்காரர் என்னைக் கேட்காமலே அதைத் தம் காலண்டரில் அச்சிட்டிருக்கிறார். அவரிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா? இனி படத்தின் நடுவே பெயரைப் பெரிதாகப் போட்டுவிடலாமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: உரிமை உண்டு, அவசியம் கேளுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். குழுவில் பகிர்ந்ததால் அது பொதுச்சொத்தாகிவிடாது. யாரேனும் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் உரிமை அவருக்குப் போகும். உங்கள் படம் அப்படிப்பட்டதல்ல. முதலில் நேரில் சென்று, பெயரும் நியாயமான தொகையும் கேளுங்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் பலருக்கு இது தவறென்றே தெரியாது என்பதால், சண்டையாகத் தொடங்க வேண்டியதில்லை.

அவர் மறுத்தால் உங்களுக்குத் துணை நிற்பது மூலக் கோப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். எடுத்த தேதி, கேமரா முதலிய விவரங்களும் உதிர்ந்துவிடும். அவை முழுமையாக இருக்கும் கோப்பு உங்களிடம் மட்டுமே இருக்கும். ஆகவே பகிர்ந்தாயிற்று என்று மூலத்தை அழித்துவிடாதீர்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். நடுவில் பெரிதாகப் பெயர் போட்டால் தேரைப் பார்க்க வருபவர்கள் உங்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள். ஓரத்தில் சிறிதாகப் போட்டு, அச்சுக்குப் போதாத சிறிய அளவில் பகிர்வதே நல்ல வழி.

மூலக் கோப்பை யாருக்கேனும் வாட்ஸ்அப்பில் ஆவணமாக (டாகுமென்ட்) அனுப்பும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. கைபேசியில் எடுத்த படமென்றால், எடுத்த இடத்தின் குறியீடும் அதோடு சேர்ந்து போகக்கூடும். வீட்டுக் குழந்தைகளின் படங்களிலும் பறவைக் கூடுகளின் படங்களிலும் அதை நீக்கிவிட்டே அனுப்புங்கள். கூடு இருக்கும் இடம் வெளியில் தெரிந்து கேமராக்கள் கூடிவிட்டால், தாய்ப்பறவை முட்டைகளைக் கைவிட்டுப் போய்விடக்கூடும்.