திறந்தவெளி ராக் கச்சேரி: மதியமே போகலாமா?

கேள்வி: லண்டன் ஹைட் பார்க்கில் ஜூலையில் நடக்கும் ராக் கச்சேரிக்கு எனக்கும் 16 வயது மகளுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கிறேன். மதியம் 2 மணிக்கே வாசல் திறக்கிறார்கள். முக்கியக் குழு மேடையேற இரவு 8 மணி தாண்டிவிடுமாம். அதற்கு முன் நான்கு குழுக்கள். மதியமே போக வேண்டுமா? எங்கே நிற்பது? மகளின் காதுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் மேடை ஒலியமைப்பில் வேலை செய்கிறவன். மற்ற இரண்டுக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

எவ்வளவு சத்தம் என்பதோடு, எவ்வளவு நேரம் என்பதையும் காது கணக்கில் வைக்கிறது. வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான் மிஞ்சும். மேடைக்கு அருகே 100 என்பது சாதாரணம். ஐந்து குழுக்களையும் முன்வரிசையில் நின்றே கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது. 1976-ல் லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் 'தி ஹூ' குழு வாசித்தது 120 டெசிபலைத் தாண்டி கின்னஸ் சாதனை ஆனது. காதைக் கெடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கின்னஸ் பின்னாளில் அந்தப் பிரிவையே கைவிட்டது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது இரைச்சலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்.

அதனால் ஆளுக்கு ஒரு ஜோடி இயர்பிளக் கட்டாயம். இசை கேட்பதற்கென்றே ஃபில்டர் வைத்து விற்பதை வாங்குங்கள். பாட்டின் தெளிவு கெடாமல் சத்தம் மட்டும் குறையும். அமுக்கினால் மெதுவாக உப்பும் ஃபோம் வகைதான் கிடைத்தது என்றால், விரல்களால் உருட்டி மெல்லிய குச்சி போலாக்குங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சும்மா வாசலில் செருகி வைத்தால் பயனே இல்லை.

சரி, எங்கே நிற்பது? கூட்டத்தின் நடுவே, ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் கருவி வைத்த கூடாரம் ஒன்று இருக்கும். ஒலிக்கலைஞர் அங்கே தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அதற்குச் சற்றுப் பின்னால் நின்றால் நல்ல ஒலி கிடைக்கும், நெரிசலும் குறைவு. மேடையின் இரு பக்கமும் அடுக்கியிருக்கும் ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம்.

மதியமே போகலாமா? என்னைக் கேட்டால், இரண்டாவது குழுவுக்குப் போய்ச் சேருங்கள். முக்கியக் குழுவின் சாமான்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பின்னால் அடுக்கி மூடப்பட்டிருக்கும். துணைக் குழுக்களுக்கு முன்னால் ஒரு துண்டு இடமும், மைக்குகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்க்கக் கொஞ்ச நேரமும்தான். முதல் இரண்டு பாட்டு கலங்கலாகக் கேட்டால் அவர்களைக் குறை சொல்லாதீர்கள், மூன்றாவதில் தெளிந்துவிடும். 1969 ஜூலையில் இதே பூங்காவில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரிக்கு முன்னால் வாசித்தவற்றில், பின்னாளில் புகழ்பெற்ற கிங் கிரிம்சன் குழுவும் ஒன்று. அப்போது அவர்களின் முதல் ஆல்பம்கூட வந்திருக்கவில்லை. அன்று தாமதமாக வந்தவர்கள் இழந்தது கொஞ்சமல்ல.

குழுக்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் மேடையை விட்டு விலகி மர நிழலுக்குப் போய்விடுங்கள். காதுக்கும் ஓய்வு, வெயிலுக்கும் ஒதுங்கல். ஜூலையில் லண்டனில் இருட்ட ஒன்பது மணிக்கு மேலாகும். தொப்பி, தண்ணீர் பாட்டில், மெல்லிய மழைக்கோட்டு மூன்றும் வேண்டும். எவ்வளவு பெரிய பைக்கு அனுமதி, 16 வயதுக்கு என்ன விதி என்பதை டிக்கெட்டோடு வந்த குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இங்கே முடிவு நேரம் கறார். 2012-ல் ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடியபோதே, நேரம் கடந்துவிட்டது என்று ஒலியைத் துண்டித்துவிட்டார்கள். கடைசிப் பாட்டுக்கு நின்று கேட்கலாம், ரயிலைத் தவறவிட மாட்டீர்கள்.

வீடு திரும்பியபின் காதில் 'ங்ங்' என்று இரைந்தால் அது எச்சரிக்கை. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். அடங்காவிட்டால் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே போய்விட வேண்டும்.