கேள்வி–பதில்: டாக்டர் போட்ட புத்தகம்

கேள்வி: ஐயா, நாடு கடத்தப்பட்ட ஒரு டாக்டர் நாவல் எழுதி, அதைத் தானே அச்சடித்து வெளியிட்டார் என்று யாரோ சொன்னார்கள். நிஜமா, கட்டுக்கதையா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நிஜம்தான். நீங்கள் கேள்விப்பட்டது பிலிப்பைன்ஸின் ஹோசே ரிசாலாக இருக்கும். 1861-இல் மணிலாவுக்குத் தெற்கே கலம்பா என்ற ஊரில் பிறந்தவர். நாடு அப்போது ஸ்பெயின்காரர்கள் கையில். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது, அதனால் கண் டாக்டராவது என்று முடிவுசெய்து 1882-இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார் (வழியில் கொழும்பையும் பார்த்திருக்கிறார்). மாட்ரிட்டில் மருத்துவம் முடித்து, பாரிஸிலும் ஹைடல்பெர்க்கிலும் பேர்போன கண் மருத்துவர்களிடம் வேலை கற்றுக்கொண்டார்.

படிப்புக்கு நடுவிலேயே ஸ்பானிஷ் பாதிரிமார்களின் அட்டகாசத்தை வைத்து 'நோலி மீ டாங்கெரே' என்ற நாவலையும் எழுதிவிட்டார். எழுதியதைவிட அச்சடித்ததுதான் பெரும்பாடு. பெர்லின் குளிரில், கையில் காசில்லாமல், சரியான சாப்பாடும் இல்லாமல் கிடந்தவருக்கு மாக்சிமோ வியோலா என்ற நண்பர் (இவரும் டாக்டர்தான்) 300 பெசோ கடன் கொடுக்க, 1887 மார்ச்சில் 2,000 பிரதி வந்தது. செலவைக் குறைக்க ஒரு முழு அத்தியாயத்தையே வெட்டி எறிந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் உட்கார்ந்து 1609-ஆம் ஆண்டின் பழைய வரலாற்று நூல் ஒன்றைக் கையாலேயே பிரதியெடுத்து, குறிப்புகள் எழுதி, 1890-இல் பாரிஸில் அதையும் சொந்தமாகப் போட்டார். இரண்டாவது நாவலுக்கு அச்சுக்கூலி மலிவு என்று பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்குப் போனார். அங்கேயும் பாதியில் பணம் தீர்ந்து, பாரிஸிலிருந்து இன்னொரு நண்பர் அனுப்பிய பிறகுதான் 1891-இல் புத்தகம் வெளியே வந்தது. நம்மூரில் கைக்காசைப் போட்டுக் கவிதைப் புத்தகம் போட்டவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டாம்.

அரசாங்கம் அவரை 1892-இல் கடத்தியது வெளிநாட்டுக்கு அல்ல, தெற்கே மின்டனாவ் தீவில் உள்ள டபிதானுக்கு. நான்கு வருஷம். தண்டனைக் காலத்தில்தான் பெரிய படைப்பு பிறக்கும் என்று ஒரு பேச்சு உண்டே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரிசால் அங்கே புது நாவல் எதையும் எழுதி முடிக்கவில்லை. லாட்டரியில் 6,000 பெசோவுக்கு மேல் பங்கு விழுந்ததும் நிலம் வாங்கினார், பையன்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தார், தேடிவந்தவர்களுக்கெல்லாம் கண் பார்த்தார். அவரை எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் ஆக்கியது அதற்கு முந்தைய ஐரோப்பிய வருஷங்கள்.

கேள்வி: அப்படியானால் புதுச்சேரியில் இருந்த நம் பாரதியோடு அவரை ஒப்பிடலாமா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஓரளவுக்கு ஒப்பிடலாம். பாரதி 1908-இல் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பிப் பிரெஞ்சுக் கொடியின் கீழ் வந்தார். ரிசாலோ ஸ்பெயின்காரர்களுக்கு எட்டாத இடமென்று ஹாங்காங்கில் கண் ஆஸ்பத்திரி வைத்தார், அங்கே பறந்தது பிரிட்டிஷ் கொடி! ஒருவருக்கு எமனாக இருந்தவன் இன்னொருவருக்குக் காவல். புதுச்சேரியிலிருந்து வந்த 'இந்தியா' பத்திரிகையை பிரிட்டிஷ் எல்லைக்குள் தடுத்தார்கள், ரிசாலின் நாவலை ஸ்பெயின்காரர்கள் தடுத்தார்கள். அப்புறம் இரண்டு பேருமே பத்திரமான இடத்தில் இருப்புக்கொள்ளாமல் கிளம்பினார்கள். ரிசால் 1892 ஜூன் கடைசியில் மணிலாவில் இறங்கி இரண்டு வாரம் முடிவதற்குள் கைது. பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைது, கடலூர் சிறை. அவரை டிசம்பரிலேயே விட்டுவிட்டார்கள். ரிசாலை 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் நிற்கவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

கேள்வி: அந்த நாவலை இப்போது யாராவது படிக்கிறார்களா?
– ஒரு மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: பிலிப்பைன்ஸில் படிக்காமல் தப்பிக்க முடியாது. அவருடைய வாழ்க்கையையும் இரண்டு நாவல்களையும் பாடமாக வைக்க வேண்டும் என்று 1956-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். கட்டாயப் பாடமாக்கினால் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்தின் மேல் என்ன ஆசை வரும் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் பாடமாக இல்லாமல் சும்மா படியுங்கள், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. தொடக்கத்தில் வரும் விருந்துக் காட்சியிலேயே மனுஷனுக்கு எவ்வளவு குசும்பு என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எல்லாம் சரி, அம்மாவுக்குக் கண் சரியாயிற்றா?
– ஒரு வாசகி, வில்லியனூர்

பதில்: ஒரு கண்ணுக்கு ஹாங்காங்கிலேயே மகன் ஆபரேஷன் செய்தார். இன்னொரு கண்ணுக்கு டபிதானில். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, ஆனால் அம்மா சொன்ன பேச்சைக் கேட்காமல் கட்டை அவிழ்த்துவிட, புண்ணில் சீழ் வைத்துவிட்டது. சொந்தக் குடும்பத்துக்கு டாக்டர் ஏன் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று இப்போதுதான் புரிகிறது என, நொந்துபோய்க் கடிதம் எழுதியிருக்கிறார்.