காதில் இரைச்சல்: மூன்றாவது கச்சேரிக்குப் போகலாமா?

நாளைய கச்சேரியை விட்டுவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு இரவு முன்வரிசையில் நின்றுவிட்டு, காலையிலும் காதில் 'ஙொய்' என்று கேட்கிறது என்றால் காதுக்கு ஓய்வு வேண்டும். டிக்கெட் காசு போகும்தான், வயிறு எரியும்.

பெரும்பாலும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றதுதான் காரணம். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம்.

அடுத்த முறை கச்சேரிக்குப் போகும்போது கைபேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து பாருங்கள் (தோராயமாகத்தான் காட்டும்). 100ஐத் தொட்டால் பின்னால், ஒலியைச் சரிசெய்யும் மிக்சர் மேசைப் பக்கம் போய்விடுங்கள். பாட்டும் அங்கேதான் தெளிவாகக் கேட்கும். அப்புறம், இயர் பிளக் (காதடைப்பான்) கட்டாயம், பஞ்சு உதவாது.

ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால் இதெல்லாம் பொருந்தாது. அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள்.