ஐஸ்லாந்து: ஏழு நாளில் முழுச் சுற்றா?

கேள்வி: ஜூன் மாதம் நானும் கணவரும் முதல்முறையாக ஐஸ்லாந்து போகிறோம். ஏழு நாளில் வாடகைக் காரில் தீவை முழுசாகச் சுற்றிவிடலாமா?
– திருச்சி வாசகி

பதில்: சுற்றலாம். ஆனால் பார்த்ததைவிட ஓட்டியதுதான் நினைவில் நிற்கும். தீவைச் சுற்றும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல். நான் அப்படிப் போய் ஆறாம் நாள் கழுத்துவலியோடு படுத்தேன்.

தெற்குக் கரை போதும். தலைநகர் ரெய்க்யாவிக்கில் இரண்டு இரவு, விக் கிராமத்தில் இரண்டு, யோகுல்சார்லோன் ஏரிப் பக்கம் ஒன்று. அங்கே பனிப்பாறைகள் மிதந்து கடலுக்குப் போவதைப் பார்க்க ஒரு அரைநாளாவது ஒதுக்குங்கள். கடைசி இரவு மறுபடி ரெய்க்யாவிக். செல்யாலாண்ட்ஸ்ஃபாஸ் அருவிக்குப் பின்னால் நடந்தே போகலாம், மழைக்கோட்டு அவசியம். ரேனிஸ்ஃபியாரா கறுப்பு மணல் கரையில் அலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள், உயிர்கள் போயிருக்கின்றன.

அப்புறம், கார்க் கதவு. பெட்ரோல் பங்கில் நான் அசட்டையாகத் திறந்தேன். காற்று பிடுங்கியதில் கீல் வளைந்தது. என் காப்பீட்டில் காற்றுச் சேதம் இல்லை. கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள், உங்கள் கணவரிடம். ஜூனில் ராத்திரி இருட்டவே இருட்டாது, கண்பட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.