சமுதாய நலத்தில் முதுகலை: படித்து முடித்தால் கையில் என்ன இருக்கும்?

கேள்வி: மருத்துவமனை வார்டில் செவிலியராக வேலை செய்கிறேன். சமுதாய நலத்தில், அதாவது மக்களின் ஆரோக்கியம் பற்றிய துறையில், முதுகலை படிக்க ஆசை. உடன் வேலை பார்ப்பவர்களோ, "அங்கே என்ன பெரிதாகச் சொல்லித் தரப்போகிறார்கள், எல்லாம் சுகாதாரப் பிரசாரம்தானே" என்கிறார்கள். புள்ளியியல் என்றால் எனக்குப் பயம் வேறு. உண்மையில் இதில் என்ன கற்றுக்கொள்வேன்?

பதில்: கிடைக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி, மருந்து, காயத்துக்குக் கட்டு என்று உங்களுக்கு இப்போது இருக்கும் கைத்திறன் எதுவும் இந்தப் படிப்பால் அதிகமாகாது. அதை எதிர்பார்த்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். மாறப்போவது நீங்கள் கேட்கும் கேள்வி. வார்டில் "இவருக்கு ஏன் இந்த நோய் வந்தது?" என்று யோசிக்கிறீர்கள். அங்கே "இந்த மக்களில் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது?" என்று யோசிக்கப் பழக்குவார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் விடைகள் வேறு. பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985-ல் இதற்கு அருமையான உதாரணம் சொன்னார். எல்லாருமே தினமும் 20 சிகரெட் பிடிக்கிற ஒரு சமூகம் இருந்தால், அங்கே எந்த ஆய்வு செய்தாலும் நுரையீரல் புற்றுநோய் மரபணுவால் வருவதாகத்தான் முடிவு வரும். எல்லாரிடமும் இருக்கிற காரணம் ஒருவரையும் தனித்துக் காட்டாது, அதனால் கண்ணில் படாது.

புள்ளியியல் பயத்துக்கு வருவோம். கடினமான கணக்கை எல்லாம் மென்பொருள் செய்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, எதை எதால் வகுக்கிறோம் என்று விடாமல் கேட்பது. ஒரு நோய்க்காக 1,000 பேரைப் பரிசோதிக்கிறோம், உண்மையில் அவர்களில் 10 பேருக்கு அது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரையும், இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரையும் அந்தப் பரிசோதனை சரியாகச் சொல்லும். கேட்க நல்ல பரிசோதனைதான். ஆனால் நோய் உள்ள 10 பேரில் 9 பேர் பிடிபடும்போது, நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் 'பாசிட்டிவ்' என்று வந்துவிடும். மொத்தம் 108 பேர் பயந்துபோய் வந்து நிற்பார்கள், அவர்களில் 12 பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். மீதிப் பேருக்கு மறுபரிசோதனை, செலவு, தூக்கமில்லாத இரவு. எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாமே என்று யாராவது சொன்னால் இனி உங்களால் தலையாட்ட முடியாது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும், இவ்வளவும் புரிந்துவிடும்.

இன்னொரு இடத்தில் உங்கள் அனுபவமே உங்களைத் தடுக்கும். வார்டில் நீங்கள் பார்த்தவர்கள் எல்லாம் மருத்துவமனை வரை வந்து சேர்ந்தவர்கள். வர முடியாதவர்கள், வர விரும்பாதவர்கள், வருவதற்குள் இறந்துபோனவர்கள் உங்கள் கணக்கில் இல்லை. "இந்த நோய் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் வரும்" என்று நீங்கள் உறுதியாக நம்பும் சில விஷயங்கள் முதல் பருவத்திலேயே ஆட்டம் காணும். கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.

வெறும் பிரசாரம் என்கிறார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. 1986-ல் ஒட்டாவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டின் சாசனம், நலத்தை மேம்படுத்த ஐந்து வழிகளைச் சொல்கிறது. அரசின் கொள்கைகள், வாழும் சூழல், மக்களே கூடிச் செயல்படுவது, தனிமனிதரின் அறிவும் திறனும், மருத்துவ சேவையின் போக்கை மாற்றுவது. உங்கள் நண்பர்கள் சொல்லும் பிரசாரம் இந்த ஐந்தில் ஒன்றின் ஒரு பகுதி, அவ்வளவுதான். தடுப்பூசி முகாமுக்கு ஆட்கள் வரவில்லை என்றால் உடனே துண்டறிக்கை அச்சடிக்கத் தோன்றும். இந்தப் படிப்பில் முதலில் போய்க் கேட்கச் சொல்வார்கள். முகாம் நடப்பது கூலி வேலைக்குப் போகிற நேரமாக இருக்கலாம். அப்படியானால் நேரத்தை மாற்றினாலே போதும். நேர்காணல் எடுப்பது, குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது எல்லாம் பயிற்சி எடுத்துப் பழகவேண்டிய திறன்கள். என்னைக் கேட்டால் புள்ளியியலைவிட இதுதான் கடினம்.

அப்புறம் திட்டமிடல், பட்ஜெட், மதிப்பீடு. சுவாரசியம் குறைவுதான், ஆனால் வேலை வாங்கித் தருவதில் இவற்றுக்குப் பெரிய பங்குண்டு. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதை விளைவு என்று எழுதக் கூடாது, அதனால் அவர்களிடம் என்ன மாறியது என்பதே விளைவு. அதைக் காட்ட, திட்டம் தொடங்கும் முன்பே நிலவரத்தை அளந்து வைத்திருக்க வேண்டும்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது பாடங்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள். களப்பணி எத்தனை வாரம், அதை யார் மேற்பார்வை செய்கிறார்கள், உண்மையான தரவைக் கையாள விடுகிறார்களா என்று அங்கே படிக்கிற மாணவர்களிடமே கேளுங்கள். 'ஆர்' (R) போன்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளைச் சொல்லித் தந்தால் இன்னும் நல்லது, படிப்பு முடிந்த பிறகும் காசில்லாமல் பயன்படுத்தலாம். ஆய்வுக்கு உங்கள் வார்டிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள நினைத்தால் சீக்கிரமே பேச்சைத் தொடங்குங்கள். நோயாளிகளின் பதிவேட்டைத் தொட நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம்.